சாயக் கூடாத நாள்

இல்ல தம்பி, பரவாயில்ல, நான் இப்படியே நுனியில உக்காந்துக்கறேன். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. என்னால உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? நான் இன்னிக்குச் சாயக் கூடாது. நாகபஞ்சமி பாருங்க. முதுகுல மண்ணு வெச்சிருப்பாங்க. அது காய்ஞ்சு தானா உதிர்ற வரைக்கும் எதுலயும் சாயக் கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு பழக்கம்.

உங்களுக்குத் தெரியாதா? எந்த ஊரு நீங்க? மாயவரமா? அப்பத் தெரிய நியாயமில்ல. எங்க பக்கம் கூடப் பொறந்தவளுங்க காலையிலயே தலைக்குக் குளிச்சு, பச்சத் தண்ணி பல்லுல படாம வந்து புத்துக்குப் பால் ஊத்துவாங்க. ஊத்தின எடத்துல ஈரமா இருக்குமில்ல, அந்த மண்ணைக் கிள்ளி, மஞ்சள் அரிசியோட சேத்து, அண்ணன் தம்பிங்க முதுகுல அப்புவாங்க. நடு முதுகுல. நம்ம கை எட்டாத எடத்துல. ஏன்னா, அந்தக் காலத்துல ஒருத்திக்கு ஏழு அண்ணன்மாராம். ஏழு பேரையும் பாம்பு கடிச்சுப் போட்டுடுச்சாம். இவ அழுதுக்கிட்டே புத்து மண்ணை எடுத்து ஒவ்வொருத்தன் முதுகுலயும் வெச்சாளாம். தூங்கி எழுந்த மாதிரி ஏழு பேரும் எழுந்து உக்காந்தாங்களாம். அதுக்குத்தான் இந்த மண்ணு. அண்ணனுங்க பதிலுக்குச் சேலை, வளையல்னு அவங்கவங்க வசதிக்குச் சீர் செய்வோம்.

முதுகைத் திருப்பிக் காட்டறதா? சட்டைக்குள்ள இருக்கு தம்பி, எப்படிக் காட்டறது.

சரி விடுங்க. முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட எதுக்குப் பொய். மண்ணு இல்ல. என் முதுகுல இன்னிக்கு ஒண்ணும் இல்ல. விவரம் தெரிஞ்ச நாளா இருந்த பழக்கம், நாகபஞ்சமின்னா முதுகு தானா முன்னாடி வந்துடுது. நானும் இந்த பஸ்சுல ஏறினதுல இருந்து சாயணும் சாயணும்னுதான் பார்க்கறேன்.

எங்க போறேன்னா கேட்டீங்க? சின்னேரிப்பட்டி. என் தங்கச்சி வீடு. நியாயம் கேக்கப் போறேன். நாலு பேர் முன்னாடி என் மூக்கை அறுத்தாளே, நான் உனக்கு என்னம்மா பாவம் பண்ணேன்னு அவ முகத்துக்கு நேரா கேட்டுட்டு வந்துடறேன். இந்தப் பையில இருக்கிறது அவளுக்கு வாங்கின சேலை. அரக்குக் கலர், பச்சை பார்டர். கிருஷ்ணகிரியில நானே கடை ஏறி இறங்கி எடுத்தது. கீழ ஒரு சின்ன டப்பா இருக்கு பாருங்க, அது அவ பொண்ணுக்கு. ஹரிணின்னு பேரு. கொலுசு. நல்லா கலகலன்னு சத்தம் வர்ற கொலுசாக் குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். கடையில வெச்சே என் பொண்டாட்டி, "அந்தக் காலுக்கா கொலுசு வாங்கறீங்க?"ன்னா. "ஏன், கொலுசு கால்ல போடாம கழுத்துலயா போடுவாங்க?"ன்னு அதட்டி விட்டேன். அவளுக்கு எப்பவும் நல்ல நாள்ல ஒரு அபசகுனமான பேச்சு.

நான் யாருன்னு சொல்லல பாருங்க. என் பேரு முனிரத்தினம். பெரியகொத்தூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. முதல் பால்காரர் வீடுன்னு கேக்கணும். எங்க ஊரு ஏரிக்குக் கீழ ஒரு புத்து இருக்கு, ஆள் உசரத்துக்கு மேல. நாகம்மா புத்து. நாகபஞ்சமி அன்னிக்கு அதுல முதல் சொம்புப் பால் ஊத்தற உரிமை எங்க வீட்டுது. எங்க தாத்தா ஊத்தினாரு, எங்க அப்பா ஊத்தினாரு, இப்ப நான். நான் ஊத்தின அப்புறம்தான் ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் ஊத்துவாங்க. என் பங்காளி சென்னப்பன்னு ஒருத்தன் இருக்கான், அவனுக்கு இதுல வயித்தெரிச்சல். நான் ஒரு வருஷம் அந்த எடத்துல இல்லாமப் போனா உரிமை அவன் வீட்டுக்குப் போயிடும்னு பெரியவங்க வெச்ச கட்டுப்பாடு. அதனால நான் காய்ச்சல்ல கெடந்தாலும் போர்வையைப் போத்திக்கிட்டு வந்து ஊத்திடுவேன். சென்னப்பன் வருஷா வருஷம் ஒரு சொம்புல பாலோட ஓரமா வந்து நிப்பான். நான் செத்து கித்து போயிட்டா உடனே ஊத்தறதுக்கு. சிரிக்காதீங்க தம்பி, நெஜமாத்தான்.

இந்திராணி எனக்கு ஒரே தங்கச்சி. அப்பா போனப்புறம் நான்தான் அவளுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சேன். மாப்பிள்ளை பெங்களூர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன். மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. ஆம்பளைத் தொணை இல்லாத வீடு. அதனால நான்தான் அவளுக்கு எல்லாம்னு வெச்சுக்கங்களேன். அவளும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தா. "எனக்கென்ன, எங்க அண்ணன் இருக்காரு, காரை எடுத்தா கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள வந்து நிப்பாரு"ன்னு அவ ஊர்ல பெருமை பேசுவாளாம்.

இன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு கேளுங்க. முதல் பால் ஊத்தியாச்சு. பொம்பளைங்க எல்லாம் ஊத்த ஆரம்பிச்சாங்க. நாங்க ஆம்பளைங்க சட்டையைக் கழட்டி வேப்ப மரத்துக் கிளையில மாட்டிட்டு, புத்துக்கு முதுகு காட்டி வரிசையா உக்காந்தோம். அப்படித்தான் உக்காரணும், திரும்பிப் பார்க்கக் கூடாது. அவளுங்க பின்னாலயிருந்து வந்து வெப்பாங்க. எனக்குக் காலையிலயே ஒரு யோசனைதான். போன வருஷம் இவ வரல. வராததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதை அப்புறம் சொல்றேன். இந்த வருஷமும் வராமப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க? அப்ப என் பொண்டாட்டி வந்து காதுல, "இந்திராணி வந்துட்டா"ன்னா. எனக்கு உசிரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு தம்பி. பக்கத்துல உக்காந்திருந்த சென்னப்பன் காதுல விழற மாதிரி, "வராம எங்க போவா, கூடப் பொறந்தவ"ன்னு சொன்னேன்.

கண்ணை மூடிக்கிட்டேன். ஒவ்வொருத்தன் முதுகுலயும் மண்ணு விழற சத்தம் கேக்குது. சப்பு சப்புன்னு. என் பின்னாடி வளையல் சத்தம் வந்துச்சு. அவ வளையல்தான், எனக்குத் தெரியாதா? நான் ஆசீர்வாதத்தை ஆரம்பிச்சுட்டேன். "நல்லா இரும்மா, மஞ்சக் குங்குமத்தோட நூறு வருஷம் இரு"ன்னு சத்தமா சொல்லி, மடியில இருந்த சேலையை எடுத்துத் தோளுக்கு மேல பின்பக்கமா நீட்டினேன். நீட்டின கை நீட்டினபடி இருக்கு. யாரும் வாங்கல. முதுகுல ஈரமும் படல. காத்துதான் படுது. சரி, குனிஞ்சு மண்ணு எடுக்கறா போலன்னு இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

அப்பத்தான் சத்தமெல்லாம் அடங்கிப் போச்சு. புத்துக்கிட்ட அவ்வளவு பொம்பளைங்க இருக்காங்க, ஒரு பேச்சு இல்ல. திரும்பக் கூடாதுதான், திரும்பிட்டேன்.

வரிசைக்கு வெளிய, பைக்கு நிறுத்தற எடத்துல, ஒரு ஆளைக் கல்லு மேல உக்கார வெச்சு அவன் முதுகுல மண்ணை வெச்சுக்கிட்டு இருக்கா என் தங்கச்சி.

யாரு தெரியுங்களா? அவ ஊருப் பால்காரன். திம்மராயன்னு பேரு. வீடு வீடா கறந்து சொசைட்டிக்குக் கொண்டு போய் ஊத்தறவன். அவன் பைக்குலதான் இவளும் பொண்ணும் வந்திருக்காங்க. அவனாவது மரியாதை தெரிஞ்சவன், அதைச் சொல்லணும். "வேணாம்மா, உங்க அண்ணாரு அங்க உக்காந்திருக்காரு"ன்னு எழுந்திருக்கப் பார்த்தான். இவ அவன் தோளை அமுக்கி, "தெரியும்ணா. நீ உக்காரு"ன்னா. அண்ணாவாம்! சட்டையைக் கழட்டுன்னா, அவன் கழட்டல. கூச்சம். அவங்க ஆளுங்க எங்க வரிசையில உக்கார்ற வழக்கம் இல்ல. நான் அதெல்லாம் பார்க்கறவன் இல்ல தம்பி, வழக்கத்தைச் சொல்றேன். அவன் கழட்டாததால நீலச் சட்டை மேலயே வெச்சா. உள்ளங்கை அகலத்துக்கு வெச்சா. எனக்கு ஒரு நாளும் அவ்வளவு வெச்சதில்ல.

நான் சேலையைத் தூக்கிப் புடிச்சபடி பார்த்துக்கிட்டு இருக்கேன். சென்னப்பன் சிரிக்கக்கூட இல்ல. சிரிச்சிருந்தா நான் நாலு வார்த்தை பேசி எழுந்திருப்பேன். அவன் மெதுவா என் கையைப் புடிச்சு இறக்கி விட்டான். பங்காளி என்னைப் பார்த்து பரிதாபப்படற மாதிரி ஆயிடுச்சே! அதுக்கு நான் அந்தப் புத்துக்குள்ளயே போயிருக்கலாம்.

நீங்களே சொல்லுங்க. கல்யாணம் பண்ணி வெச்சவன் நான். தீபாவளி தவறாம சீர் செஞ்சவன் நான். மண்ணு பால்காரனுக்கா?

எதுக்கு அவனுக்கு வெச்சான்னா... அது போன வருஷக் கதை. சொல்றேன், நீங்க பொதுவான ஆளு, நீங்களே சொல்லுங்க தப்பு யார் மேலன்னு.

போன வருஷம் இதே நாளு. நான் குளிச்சு, வேட்டி கட்டி, சொம்புல பாலோட புத்துக்கு முன்னாடி நிக்கறேன். பூசாரி அலங்காரம் பண்ணிக்கிட்டு இருக்காரு. அவருக்கு ஒரு பழக்கம், நாகம்மாவுக்குக் கண்ணு வெக்கறதுக்கு மட்டும் அவ்வளவு நேரம் எடுத்துக்குவாரு. அப்ப என் பொண்டாட்டி போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. "இந்திராணி அழுவறாங்க. ஹரிணியைப் பாம்பு கடிச்சிருச்சாம். அண்ணனைக் காரை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்கன்னு கத்தறாங்க"ன்னா.

சொம்புல இருந்த பால் தளும்பி வேட்டியில ஊத்திடுச்சு. நான் என்ன கல்லா? ஆனா எந்த எடத்துல நிக்கறேன் பாருங்க. சென்னப்பன் சொம்போட ஓரமா நிக்கறான். நான் ஒரு அடி நகர்ந்தா எங்க தாத்தா காலத்து உரிமை போச்சு. அது போனாலும் போகட்டும்னு வெச்சுக்குவோம், கடிச்சது பாம்பு. நான் நிக்கறது யார் முன்னாடி? நாகம்மா முன்னாடி. அவகிட்ட சொல்லாம ஆஸ்பத்திரிக்கு ஓடினா அது என்ன பக்தி? "பயப்படாதேன்னு சொல்லு. இப்ப முதல் பால் ஊத்தப் போறேன். ஊத்தின நிமிஷம் விஷம் இறங்கிடும். நானே நேரா அம்மாகிட்டச் சொல்லிடறேன்"ன்னு சொன்னேன். இன்னிக்கும் சொல்றேன், அந்தப் பொண்ணு பொழைச்சது அந்தப் பாலால. பெரிய டாக்டருங்களே பொழைக்கிறது கஷ்டம்னு சொல்லிட்டாங்களாம். பொழைச்சுதா இல்லையா?

என்ன தம்பி?

கார் எங்க இருந்துச்சா? அங்கதான் இருந்துச்சு. வேப்ப மரத்தடியில. காலையிலதான் கழுவி, மாலை போட்டுக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தேன்.

வேற யாராச்சும் ஓட்டிக்கிட்டுப் போயிருக்கலாமேங்கறீங்க. என் பொண்டாட்டியும் இதையேதான் கேட்டா. சென்னப்பன் பையன் டிரைவிங் தெரிஞ்சவன், "பெரியப்பா, சாவியைக் குடுங்க, நான் போய்ப் பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்"னு கையை நீட்டிக்கிட்டு வந்தான். சாவி என் மடியில இருந்துச்சு. ஆனா தம்பி, பங்காளி வீட்டுப் பையன் அவ்வளவு அக்கறையா வந்து கேட்டா நமக்கு என்ன தோணும்? காரை இவன் எடுத்துக்கிட்டுப் போனா நானும் பதறிப் பின்னாடியே ஓடுவேன், அப்பன்காரன் நிம்மதியா பாலை ஊத்திக்குவான். அப்படித்தான் எனக்குத் தோணுச்சு. நீங்க அந்த எடத்துல இருந்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணும். என் பொண்டாட்டி விவரம் தெரியாம அழுதா. "நல்ல நேரத்துல அழுவாதே"ன்னு அதட்டினேன்.

அப்புறம் ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நாகபஞ்சமி அன்னிக்கு மண்ணைக் கொத்தக் கூடாது, ஏர் ஓட்டக் கூடாது, அருவாமணை தொடக் கூடாது. இதெல்லாம் எதுக்கு வெச்சிருக்காங்க? கடிச்சது கடலைக்காட்டுல வெச்சாம். அங்க அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? களைக்கொத்து போட்டிருக்கும். பாம்பு கோவிச்சுக்கிட்டு கடிச்சிருக்கும். நான் அப்படித்தான் அன்னிக்கு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

இல்ல, கொத்தலதான். அது பின்னால தெரிஞ்சுது. வேலி ஓரமா பூப் பறிக்கப் போயிருக்கு. புத்துக்குக் கொண்டு வர்றதுக்கு. அவங்க ரெண்டு பேரும் எங்க ஊருக்குத்தான் கெளம்பிக்கிட்டு இருந்தாங்களாம். எனக்கு மண்ணு வெக்கறதுக்கு. தட்டெல்லாம் எடுத்து வெச்சாச்சு, பூ மட்டும் இல்லன்னு, "மாமா வீட்டுக்குப் போறோம், நான் போய்ப் பறிச்சுக்கிட்டு வர்றேன்"னு ஓடியிருக்கு.

அதுவும் கடிச்சது நல்ல பாம்பு இல்ல தம்பி. கண்ணாடி விரியன். நாங்க பால் ஊத்தறது நல்ல பாம்புக்கு. விரியன் கடிச்சதுக்கு நாகம்மாவையும் குத்தம் சொல்ல முடியாது, என்னையும் குத்தம் சொல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்து ஆம்புலன்சும் பக்கத்துல இல்லையாம். திம்மராயன் அந்த வழியா பைக்குல வந்திருக்கான். ரெண்டு பக்கமும் பால் கேன். இவ ரோட்டுல நின்னு கையை விரிச்சிருக்கா. அவன் என்ன ஏதுன்னு கேக்கல. கேனைக் கழட்டி அப்படியே தள்ளி விட்டுட்டான். ஊரு ஊராக் கறந்த பால் பூரா ரோட்டுல ஓடிச்சாம். நாகபஞ்சமி அன்னிக்குப் பாலுக்கு எவ்வளவு கிராக்கி! இறக்கி ஓரமா வெச்சுட்டுப் போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? யோசனை இல்லாதவன். பொண்ணைத் தூக்கி முன்னாடி டேங்க் மேல உக்கார வெச்சு, இவளைப் பின்னாடி ஏத்திக்கிட்டு கிருஷ்ணகிரி வரைக்கும் ஓட்டியிருக்கான். ஆனா இவ அதுக்கு முன்னாடி எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கா. கார் வரும், கார் வரும்னு. அதுல நேரம் போயிடுச்சு. காத்திருக்கச் சொல்லி நான் சொல்லலையே? "பயப்படாதே"ன்னுதான் சொன்னேன்.

நான் போகாம இல்ல. சாயங்காலம் போனேன். பால் ஊத்தி, எல்லாருக்கும் பிரசாதம் குடுத்து, வந்தவங்களைப் பந்தியில உக்கார வெச்சு அனுப்பிட்டு, நேரா காரை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறுங்கையோடயும் போகல. துள்ளுமாவு, எள்ளுருண்டை, வாழைப்பழம், கூடவே ஒரு பொட்டலம் புத்து மண்ணு. பொண்ணு கால்ல தடவச் சொல்லி. இந்திராணி வார்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. அந்தப் பால்காரன் கொஞ்சம் தள்ளி தரையில உக்காந்திருந்தான், சட்டையெல்லாம் பொண்ணு எடுத்த வாந்தி. நான் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக்கிட்டா. ஒரு வார்த்தை பேசல. கோவம் இருந்தா வாங்குவாளா? அதனால நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. பொண்ணு தூங்குது, கால்ல கட்டுப் போட்டுப் போர்த்தியிருக்காங்கன்னு நர்சு சொன்னாங்க, வெளியவே நின்னு கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் போகலையான்னா... போகணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வேலை. பொங்கல் சீரை ஆள் மூலமா அனுப்பினேன். என் பொண்டாட்டி மட்டும் ரெண்டு மூணு தடவை போய் வந்தா. வந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. நானும் கேக்க மாட்டேன். கால் கொஞ்சம் நோவுதாம், சரியாயிடும்னு நானா நெனைச்சுக்கிட்டேன். சின்ன வயசு, சதை வளர்ந்துடும்.

தண்ணி இருக்கா தம்பி? ஒரு மடக்கு குடுங்க. காலையில இருந்து விரதம்.

நான் இன்னிக்கு நடந்ததை உங்ககிட்ட முழுசா சொல்லல. சேலையை இறக்கினேன்னு சொன்னேன்ல, அதோட முடியல. நான் எழுந்திருச்சு போயிடலாம்னு பார்க்கறேன். வெறும் உடம்பு. சட்டை மரத்துக் கிளையில தொங்குது. அதை எடுக்கணும்னா அவ்வளவு பேரையும் தாண்டிப் போகணும், திம்மராயனையும் தாண்டித்தான் போகணும். என்னால எழுந்திருக்கவும் முடியல, உக்காந்திருக்கவும் முடியல. எல்லாரும் வேற எங்கயோ பார்க்கற மாதிரி என் முதுகைத்தான் பார்க்கறாங்க. வரிசையில அத்தனை முதுகுலயும் மண்ணு, என் முதுகு மட்டும் மொட்டையா.

அப்ப மரத்துக்கிட்ட இருந்து அந்தப் பொண்ணு வந்துச்சு. ஹரிணி. என் சட்டையை எடுத்து மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்து வருது. யாரும் சொல்லி அனுப்பல, அவங்க அம்மாவே திகைச்சுப் போய் நிக்கறா. அது நடந்து வர்றதை நான் அன்னிக்குத்தான், இன்னிக்குத்தான், முதல் முதலா பார்க்கறேன்.

வலது கால்ல கெண்டைச் சதை இல்ல தம்பி. பாதிக்கு மேல வெட்டி எடுத்திருக்காங்க. குதிகால் தரையில படல. முன்பாதத்தை ஊனி, இடுப்பை ஒரு தூக்கு தூக்கித்தான் ஒவ்வொரு அடியும் வைக்குது. போன வருஷத்துக்கு முந்தின நாகபஞ்சமிக்கு அதே எடத்துல தாவித் தாவி என் முதுகுல ஏறி வெளையாடிச்சு. அந்த மரத்துக்கும் எனக்கும் நடுவுல இருந்தது பத்து எட்டுகூட இருக்காது. எவ்வளவு நேரம் வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. பூசாரி நாகம்மாவுக்குக் கண்ணு வெச்ச நேரத்தை விட அதிகமா இருந்துச்சு.

கிட்ட வந்து, "சட்டையைப் போட்டுக்கோங்க மாமா. வெயில் அடிக்குது"ன்னு நீட்டுச்சு. கோவமா இல்ல. எப்பவும் பேசற மாதிரிதான். வாங்கறதுக்கு நான் கையை நீட்டறதுக்குள்ள சட்டைப் பையில இருந்து என்னமோ கீழ விழுந்துச்சு. நான் குனியல. குனியணும்னு தோணல எனக்கு, மரம் மாதிரி உக்காந்திருக்கேன். அதுதான் குனிஞ்சுச்சு. அந்தக் கால் மடங்காதாம். அதைப் பக்கவாட்டுல நீட்டி, ஒரு கையைத் தரையில ஊனி, எடுத்து, மண்ணைப் பாவாடையில தொடைச்சு என் உள்ளங்கையில வெச்சுச்சு.

"மாமா, உங்க கார் சாவி"ன்னுச்சு.

அவ்வளவுதான் தம்பி. வேற ஒண்ணும் சொல்லல. அதுக்கு ஒண்ணும் தெரியாது, கீழ விழுந்ததை எடுத்துக் குடுத்துச்சு. ஆனா சென்னப்பன் பையன் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தான். என் பொண்டாட்டி இருந்தா. பூசாரி இருந்தாரு. இந்திராணி இருந்தா. நான் அந்தச் சாவியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

எப்படி எழுந்தேன்னு தெரியல. மரத்தடியில கார் நிக்குது, கையில சாவி இருக்கு. அந்தக் கார்ல ஏற எனக்குக் கூச்சமா இருந்துச்சு. சேலையை இந்தப் பையில திணிச்சு எடுத்துக்கிட்டு, ஏரிக்கரை மேல ஏறி, சட்டையைப் போட்டுக்கிட்டே நடந்து, மெயின் ரோட்டுக்கு வந்து, கை காட்டினதும் நின்ன பஸ்சு இதுதான். எங்கன்னு கண்டக்டர் கேட்டதும் சின்னேரிப்பட்டின்னு வாய் தானா சொல்லிடுச்சு. நியாயம் கேக்கத்தானே வந்தேன்? அப்படித்தான் உங்ககிட்டயும் சொன்னேன். இந்தக் கொலுசு வேற, பஸ்சு குலுங்கும்போதெல்லாம் சத்தம் போட்டுக்கிட்டே வருது. என் பொண்டாட்டி கடையிலயே சொன்னா.

அதோ புளிய மரம் தெரியுதில்ல, அடுத்து சின்னேரிப்பட்டிதான். அவங்க வந்திருக்க மாட்டாங்க. வந்திருக்கவும் கூடும். இந்த பஸ்சு நாலு ஊரு சுத்திக்கிட்டு வருது, பைக்கு குறுக்கு வழியில வந்துடும். வீட்டுல யாரும் இல்லன்னா வாசல்ல பையை வெச்சுட்டு வந்துடலாம்னு இப்ப நெனைச்சேன். அதுவும் போன வருஷப் பொட்டலம் மாதிரி ஆயிடும், இல்ல?

வந்துட்டாங்க தம்பி. சொசைட்டி முன்னாடி நிக்கறாங்க பாருங்க. நீலச் சட்டை, அவன்தான். முதுகைப் பாருங்க, வெச்ச மண்ணு வெச்சபடி இருக்கு. இவ்வளவு தூரம் குனிஞ்சே ஓட்டிக்கிட்டு வந்திருக்கான், ஒரு பொட்டு உதிரல. பின்னாடி இவளும் ஒதுங்கியே உக்காந்து வந்திருப்பா. பொண்ணை ரெண்டு பேருமா புடிச்சு இறக்கறாங்க.

ஏம்ப்பா கண்டக்டர், இல்லப்பா, இறங்கல. ஆமா, சின்னேரிப்பட்டின்னுதான் வாங்கினேன், வேலை வேற பக்கம் வந்துடுச்சு. தர்மபுரிக்கு ஒண்ணு போடு. நீ விசில் அடிப்பா, எதுக்கு நிக்கற.

தம்பி, அந்தப் பொண்ணு பஸ்சைப் பார்க்குது. ஜன்னல் ஜன்னலா பார்க்குது. பஸ்சுன்னா பசங்க பார்க்கத்தான் செய்வாங்க. என்னைத் தேடல. ஆனா பார்த்துச்சுன்னா மாமான்னு கையை ஆட்டும், அது அப்படித்தான். அந்தக் காலோட ஓடி வந்தாலும் வரும்.

கொஞ்சம் நகர்ந்துக்கங்க. நான் பின்னாடி சாஞ்சுக்கறேன். நல்லா உள்ள தள்ளி சாஞ்சுட்டா வெளிய முகம் தெரியாதில்ல? சாயலாம் தம்பி, சாயலாம். உதிர்றதுக்கு என் முதுகுல என்ன இருக்கு.